எண்ணாயிரம்: கல்வெட்டில் வாழும் ஒரு வேதியர் ஊர்

எண்ணாயிரம் என்பது தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம் விக்கிரவாண்டி வட்டத்தில் உள்ள ஒரு சிற்றூர். விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் நேமூர்ப் பக்கம் திரும்பிச் சென்றால் இவ்வூரை அடையலாம். சோழர் காலத்தில் இதன் பெயர் இராசராச சதுர்வேதிமங்கலம். வேதம் ஓதுவோரைக் குடியமர்த்துவதற்கென்றே அரசன் பெயரால் அமைக்கப்பட்ட ஊர் இது. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் 340 மாணவர்கள் உண்டு உறைந்து பயின்ற கல்வி நிலையம் ஒன்று இங்கு நடந்தது. அந்நிலையத்தின் கட்டடமோ ஏடுகளோ இன்று இல்லை. அதற்கு நாள்தோறும் எவ்வளவு நெல் அளக்கப்பட்டது என்ற கணக்கு மட்டும் கோயில் சுவரில் கல்லெழுத்தாக நிற்கிறது.

உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டைப் பள்ளிப் பாடநூல் வழியாக எல்லாரும் அறிவர். எண்ணாயிரம் அந்த அளவுக்கு அறியப்படவில்லை. ஆயினும் பழந்தமிழகத்தில் உயர்கல்வி எவ்வாறு நடந்தது, அதற்கு யார் சோறிட்டனர், யாருக்கு அக்கல்வி கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற கேள்விகளுக்கு இவ்வூரைப் போல் தெளிவாக விடை தரும் ஊர்கள் சிலவே.

பெயர்

‘எண்ணாயிரம்’ என்றால் எட்டாயிரம். இதை வடமொழியில் ‘அஷ்டசகஸ்ரம்’ என்பர். தமிழ்நாட்டு ஸ்மார்த்தப் பிராமணருள் ‘அஷ்டசகஸ்ரம்’ என்றொரு பிரிவினர் உள்ளனர். அப்பிரிவின் பெயரை இவ்வூரோடு தொடர்புபடுத்தும் வழக்கு உண்டு. மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறியதாகச் சொல்லப்படும் சைவ மரபுக் கதையோடு ஊர்ப் பெயரைச் சேர்த்துப் பேசுவோரும் உளர். இந்த வட்டாரம் சமணம் செழித்த பகுதி என்பதில் ஐயமில்லை. செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில் சந்திரநந்தி என்னும் சமண முனிவர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த செய்தியைக் கல்வெட்டு கூறுகிறது. மேல்சித்தாமூரில் சமண மடம் இன்றும் இயங்குகிறது. ஆனால் ஓர் எண்ணின் ஒற்றுமையை மட்டும் கொண்டு ஒரு ஊரின் வரலாற்றை எழுதிவிட முடியாது. கல்வெட்டு உறுதியாகத் தரும் பெயர் இராசராச சதுர்வேதிமங்கலம். முதலாம் இராசராசன் (985–1014) பெயரால் அமைந்த பெயர் இது. இதே பெயரில் வேறு ஊர்களும் சோழநாட்டு ஆட்சிப் பரப்பில் இருந்தன. ஆகவே கல்வெட்டைப் படிப்போர் எந்த நாட்டுப் பிரிவில் உள்ள மங்கலம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எண்ணாயிரம் பனையூர் நாட்டில் இருந்தது.

பிரமதேயமும் தனியூரும்

அரசன் பிராமணர்க்கு அளித்த நிலமும் ஊரும் ‘பிரமதேயம்’ எனப்பட்டன. நான்கு வேதம் வல்லோர் வாழும் ஊர் ‘சதுர்வேதிமங்கலம்’ எனப்பட்டது. இத்தகைய ஊர்களின் ஆட்சியை நிலமுடைய பிராமணர்கள் கூடிய ‘மகாசபை’ நடத்தியது. வேளாண் குடிகளின் ஊர்களில் இருந்த மன்றம் ‘ஊர்’ என்றே அழைக்கப்பட்டது. சபை, ஊர், வணிகர் நகரத்தின் ‘நகரம்’ ஆகிய மூன்றும் சோழர்கால ஊராட்சியின் மூன்று வடிவங்கள்.

பிரமதேயம் அளிக்கும்போது அதன் எல்லையை முறைப்படி வரையறுத்தனர். ஒரு பெண்யானையை எல்லை நெடுகிலும் நடத்திச் சென்று, அது நடந்த வழியில் கல்லும் கள்ளியும் நட்டனர். பிறகு அந்த எல்லைகளைத் திசைவாரியாகச் செப்பேட்டில் எழுதினர். கரந்தைச் செப்பேடு முதலாம் இராசேந்திரன் காலத்தில் பல ஊர்களை ஒன்றாக இணைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிராமணர்க்கு ஒரே மங்கலமாக அளித்த செய்தியைக் கூறுகிறது. ஒரு மங்கலம் பிறக்கும்போது பல பழைய ஊர்கள் தம் பெயரையும் தனித்தன்மையையும் இழந்தன என்பதை இதனால் அறியலாம்.

இவற்றுள் மிகப் பெரியவை ‘தனியூர்’ என்னும் தகுதியைப் பெற்றன. தனியூர் என்பது தான் அமைந்த நாட்டுப் பிரிவுக்குள் ஓர் ஊராக அடங்காமல், தானே ஒரு தனி ஆட்சி அலகாக நின்ற ஊர். அதைச் சுற்றியிருந்த சிற்றூர்கள் ‘பிடாகை’ என்ற பெயரில் அதன் உட்கிடையாயின. எண்ணாயிரமும் உத்திரமேரூரும் இத்தகைய தனியூர்கள்.

நீரும் நெல்லும்

வேதியர் ஊர் எங்கே எழும் என்பதை அரச விருப்பம் மட்டும் தீர்மானிக்கவில்லை. உழுவோர் உண்டது போக எஞ்சும் நெல் எங்கே உண்டோ அங்கேதான் உழாமல் ஓதுவோர் பெருந்தொகையாக வாழ முடியும். காவிரி இதற்கு நல்ல சான்று. அது தமிழ்நாட்டுக்குள் நுழையும் ஒகேனக்கல்லில் பாறைகளைக் குடைந்துகொண்டு ஆழத்தில் ஓடுகிறது. கரையில் பெருவயல்கள் இல்லை. பழைய தகடூர் நாடாகிய அந்தத் தருமபுரிப் பகுதியில் பெருமளவில் கிடைக்கும் பழங்கற்கள் நடுகற்கள். கால்நடைகளைக் கவரும்போதும் மீட்கும்போதும் இறந்த வீரர்க்கு எடுத்த கற்கள் அவை. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் அவற்றுள் பலவற்றைக் காணலாம். அதே ஆறு திருச்சிராப்பள்ளியைத் தாண்டிக் கிளைகளாகப் பிரிந்து வயல்களில் பரவும் இடத்தில் சதுர்வேதிமங்கலங்கள் நெருக்கமாக அமைந்தன. மேட்டுநிலத்துக் கல் மாட்டையும் மறவனையும் பேசுகிறது. வயல்நிலத்துக் கல் வேலியையும் கலத்தையும் பேசுகிறது.

எண்ணாயிரம் அமைந்த பகுதியில் காவிரி போன்ற பேராறு இல்லை. இது ஏரிப் பாசன நாடு. இங்கே மழைநீரைத் தேக்கும் கரையும், மதகும், ஆண்டுதோறும் தூர் எடுக்கும் ஏற்பாடும் இல்லாமல் நெல் இல்லை. உத்திரமேரூரில் ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ‘ஏரி வாரியம்’ என்ற குழு இருந்தது இதனால்தான். மகாசபை என்றவுடன் வேத விவாதமே நினைவுக்கு வருகிறது. ஆனால் சபையின் நாளாந்த வேலையில் ஏரி, நிலவிற்பனை, வரி, கோயிலிலிருந்து வாங்கிய முதலுக்கு வட்டி ஆகியவையே பெரிதும் இருந்தன.

கல்லூரிக் கல்வெட்டு

எண்ணாயிரத்து அழகிய நரசிம்மப் பெருமாள் கோயிலைக் கல்வெட்டுகள் ‘இராசராச விண்ணகர்’ என்று குறிக்கின்றன. விண்ணகர் என்றால் திருமால் கோயில். இக்கோயிலின் கல்வெட்டுகளை 1917-ஆம் ஆண்டில் சென்னைக் கல்வெட்டுத் துறையினர் படியெடுத்தனர். அவ்வாண்டுப் பட்டியலில் 333-ஆம் எண்ணாகப் பதிவானதே புகழ்பெற்ற கல்லூரிக் கல்வெட்டு. முதலாம் இராசேந்திரனின் காலத்தைச் சேர்ந்த இதனைப் பொதுவாக 1025-ஆம் ஆண்டை ஒட்டியதாகக் கொள்வர். வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாத்திரியார் சோழர் வரலாற்றில் இதனை விரிவாக எடுத்தாண்ட பிறகே எண்ணாயிரத்தின் பெயர் அறிஞரிடையே பரவியது.

கல்வெட்டு மாணவர்களை இரு நிலையாகப் பிரிக்கிறது. முதல் நிலையில் 270 பேர். அவர்களுள் இருக்கு வேதம் ஓதியோர் 75 பேர், யசுர் வேதம் ஓதியோர் 75 பேர். யசுர் வேதத்தின் மற்றொரு பிரிவாகிய வாசசனேயம் பயின்றோர் 20 பேர். சாம வேதத்தின் சாந்தோகப் பிரிவில் 20 பேர், தலவகாரப் பிரிவில் 20 பேர். அதர்வ வேதம் 10 பேர். போதாயனரின் கிருகிய சூத்திரம், கல்பம் முதலியன பயின்றோர் 10 பேர். எஞ்சிய 40 பேர் ‘ரூபாவதாரம்’ என்னும் வடமொழி இலக்கண நூலைக் கற்றனர்.

இரண்டாம் நிலை உயர்நிலை. இதில் 70 பேர். வியாகரணம் என்னும் இலக்கணத்தில் 25 பேர், பிரபாகர மீமாஞ்சையில் 35 பேர், வேதாந்தத்தில் 10 பேர். இந்த 340 மாணவர்க்கும் ஆசிரியர் 14 பேர். இருக்குக்கு மூவர், யசுருக்கு மூவர், மற்றப் பாடங்களுக்கு ஒவ்வொருவர் என்ற அளவில் அமர்த்தப்பட்டனர். ஏறத்தாழ 24 மாணவர்க்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதம் இது.

நெற்கணக்கு

இந்நிலையத்துக்காக மாம்பாக்கச்சேரியான பவித்திரமாணிக்கநல்லூரில் 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டது. ஒரு வேலி ஏறத்தாழ ஆறரை ஏக்கர். ஆகவே இது சுமார் 300 ஏக்கர். முதல்நிலை மாணவர் ஒவ்வொருவர்க்கும் நாளொன்றுக்கு 6 நாழி நெல். உயர்நிலை மாணவர் ஒவ்வொருவர்க்கும் 1 குறுணி 2 நாழி நெல். ஆசிரியர்க்கு இதனினும் மிகுதியான நெல்லும், அதனோடு பொன்னும் வழங்க ஏற்பாடு இருந்தது.

அக்கால முகத்தலளவையில் 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம். உயர்நிலை மாணவரின் பங்கு 10 நாழி ஆகிறது. 270 பேருக்கு 6 நாழி வீதம் 1,620 நாழி. 70 பேருக்கு 10 நாழி வீதம் 700 நாழி. இரண்டும் சேர்ந்து 2,320 நாழி, அதாவது 24 கலம் 2 குறுணி. ஆண்டை 360 நாளாகக் கொண்டால் மாணவர்க்கு மட்டும் 8,700 கலம் நெல் வேண்டும். ஆசிரியர் பங்கையும் சேர்த்தால் ஆண்டுத் தேவை பத்தாயிரம் கலத்தைத் தாண்டும்.

நெல்லை அப்படியே உண்ண முடியாது. சோழர் கல்வெட்டுகள் ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்று கணக்கிடுவது வழக்கம். அந்தக் கணக்கில் முதல்நிலை மாணவனின் 6 நாழி நெல், குத்திய பின் 2 நாழியும் அரை நாழிக்குச் சற்றுக் குறைவுமான அரிசியாகும். உயர்நிலை மாணவனுக்கு 4 நாழி அரிசி. பயில்வோனின் தேவை வயதோடும் படிப்போடும் வளரும் என்று எண்ணியே அளந்திருக்கின்றனர். இந்த அரிசியிலிருந்து ஒரு பகுதியை விற்றோ மாற்றியோதான் உப்பு, புளி, நெய் போன்ற மற்றவற்றைப் பெற முடியும். ஆகவே நெல் என்பது இங்கு உணவு மட்டும் அன்று, உதவித்தொகையும் அதுவே.

ஒரு கல்வி நிலையத்தைப் பற்றி அக்காலத்தார் கல்லில் வெட்டி வைக்கத் தக்கதாகக் கருதியது இந்தக் கணக்கைத்தான். எந்த ஆசிரியர் எப்படிக் கற்பித்தார் என்பதை அவர்கள் எழுதவில்லை. எவ்வளவு நெல், எந்த நிலத்திலிருந்து, யாருக்கு என்று எழுதினர். நிலம் விளைந்து நெல் வரும் வரை கல்லூரி நடக்கும், நெல் நின்றால் கல்லூரியும் நிற்கும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

பாடத்திட்டம் காட்டும் உண்மைகள்

இருக்குக்கும் யசுருக்கும் தலா 75, அதர்வத்துக்கு 10 என்ற பங்கீடு, எந்த வேதம் வல்லோர்க்கு அக்காலத்தில் தேவை மிகுதி என்பதைக் காட்டுகிறது. கோயில்களும் சடங்குகளும் பெருகிய காலம் அது. ஓதத் தெரிந்தவர் வேண்டும். ஓதியதன் பொருளை ஆராய்வோரும் வேண்டும். முன்னவர்க்கு 270 இடத்தில் பெரும்பகுதி, பின்னவர்க்கு 70 இடம். மீமாஞ்சையில் இரு பெரும் பிரிவுகள் இருந்தன. குமாரில பட்டரைப் பின்பற்றுவது ஒன்று, பிரபாகரரைப் பின்பற்றுவது மற்றொன்று. எண்ணாயிரம் பிரபாகரர் நெறியைத் தேர்ந்தது.

ரூபாவதாரம் பாடமாக இருந்தது கருதத்தக்கது. பாணினியின் சூத்திரங்கள் மூல வரிசையில் தொடக்க மாணவர்க்குக் கடினமானவை. சொற்கள் உருவாகும் முறைக்கேற்ப அச்சூத்திரங்களை வரிசை மாற்றி எளிமைப்படுத்திய நூல் ரூபாவதாரம். அதை இயற்றிய தர்மகீர்த்தி பௌத்தத் துறவி என்று கருதப்படுகிறது. வேதியர் ஊரின் கல்லூரியில் பௌத்தர் எழுதிய பாடநூலை 40 மாணவர் படித்தனர். நூல் எளிதாகக் கற்பிக்கிறதா என்று பார்த்தார்களே தவிர, எழுதியவரின் சமயத்தை அவர்கள் தடையாகக் கொள்ளவில்லை.

பட்டியலில் தமிழ் இல்லை. தமிழ் இலக்கணமோ இலக்கியமோ பாடமாகக் குறிக்கப்படவில்லை. ஆனால் அதே ஊரின் கோயிலில் நம்மாழ்வாரின் திருவாய்மொழியை விண்ணப்பம் செய்வோர்க்கு நெல் ஒதுக்கப்பட்டிருந்தது. கல்லூரியில் வடமொழி, கோயிலில் தமிழும் என்ற நிலை அது. இதைவிடக் கூர்ந்து நோக்க வேண்டிய ஒன்றும் உண்டு. வடமொழிக் கல்லூரியின் சாசனமே தமிழில் எழுதப்பட்டுள்ளது. நிலத்தின் பெயர், அளவை, பங்கு, ஏற்பாடு அனைத்தும் தமிழில்தான் கணக்கிடப்பட்டன. நெல் விளைந்ததும் அளக்கப்பட்டதும் தமிழில், அந்நெல்லை உண்டு ஓதியது வடமொழியில் என்று சொல்லலாம்.

அக்காலத்துப் பிற கல்வி நிலையங்கள்

எண்ணாயிரம் தனியொரு முயற்சி அன்று. இதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே, பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இன்றைய புதுச்சேரிப் பகுதியில் உள்ள பாகூரின் ‘வித்தியாத்தானம்’ என்னும் கல்வி நிலையத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டன. இச்செய்தியைப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது.

அதே புதுச்சேரிப் பகுதியின் திரிபுவனையில், முதலாம் இராசாதிராசன் காலத்தில், 1048-ஆம் ஆண்டில் 260 மாணவரும் 12 ஆசிரியரும் கொண்ட நிலையம் நடந்தது. அதற்கு 72 வேலி நிலம் இருந்தது. ஆண்டுக்கு 12,000 கலம் நெல் அதிலிருந்து வர வேண்டும். அங்கே வேதங்களோடு இராமாயணம், பாரதம், மனு நூல் ஆகியனவும் இடம்பெற்றன. கற்போரும் கற்பிப்போரும் ஊர் வாரியங்களில் பணியாற்றுவதிலிருந்து விலக்குப் பெற்றிருந்தனர். படிப்புக்கு இடையே பொதுப்பணி குறுக்கிடக் கூடாது என்ற எண்ணம் அன்றே இருந்திருக்கிறது.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு கல்வி நிலையத்தோடு ஒரு மருத்துவமனையையும் குறிக்கிறது. 15 நோயாளிகள் தங்கும் வசதி, மருத்துவர், அறுவை செய்வோர், பணிப்பெண்கள், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் ஆகியன அதில் உள்ளன. மாணவர்க்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு எண்ணெய் கொடுக்க வேண்டும் என்பதும் அக்கல்வெட்டில் உண்டு. விடுதி நடத்தியவர்களின் கவனம் எவ்வளவு நுட்பமானது என்பதற்கு இந்த எண்ணெய் ஒன்றே போதும்.

கணக்கில் வராதோர்

இவ்வளவு துல்லியமான கணக்கில் இடம்பெறாதோர் பலர். எண்ணாயிரத்துப் பாடங்கள் யாவும் வேதத்தையும் அதன் துணைக் கலைகளையும் சார்ந்தவை. அவற்றைக் கற்கும் உரிமை அக்காலச் சமூக முறையில் பிறப்பால் வரையறுக்கப்பட்டிருந்தது. பெண்களுக்கு அங்கே இடமில்லை. 45 வேலியை உழுதவர், நட்டவர், களையெடுத்தவர், அறுத்தவர், நெல்லைக் குத்தி அரிசியாக்கியவர் ஆகியோரின் பிள்ளைகளுக்கும் இடமில்லை.

சோழர் கல்வெட்டுகளில் நிலத்தின் மீதான மேலுரிமை ‘மீயாட்சி’ என்றும், பயிரிடும் உரிமை ‘காராண்மை’ என்றும் பிரித்துக் கூறப்படும். பிரமதேயத்தில் மேலுரிமை பிராமணர்க்குச் சென்றது. சில கொடைகளில் ஏற்கெனவே இருந்த குடிகளை நீக்கியே நிலம் வழங்கப்பட்டது. ஊதியமின்றிச் செய்ய வேண்டிய ‘வெட்டி’ என்னும் கட்டாய வேலையும் நடைமுறையில் இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள இராசராசன் கல்வெட்டுகள், ஊர்களின் வரியில்லா நிலங்களைப் பட்டியலிடும்போது ஊர் இருக்கை, கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று குடியிருப்புகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டுகின்றன. யார் எங்கே வாழலாம் என்பது அன்றே எல்லைக் கல் போல் நடப்பட்டிருந்தது.

எனவே எண்ணாயிரத்தைப் பண்டைத் தமிழரின் பல்கலைக்கழகம் என்று போற்றி நிறுத்திவிடுவதும், ஒரு சாராரின் சலுகை என்று தள்ளிவிடுவதும் இரண்டுமே முழுமையாகா. படிக்க வருபவனுக்குப் பசி தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற உயர்ந்த எண்ணம் அங்கே இருந்தது. அந்த எண்ணம் மிகச் சிலர்க்கு மட்டுமே பயன்பட்டது. பள்ளியில் சோறிட்டால் பிள்ளைகள் படிப்பர் என்ற அதே உண்மையை எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும், ஆண் பெண் இருபாலார்க்கும் உரியதாக்கத் தமிழ்நாட்டுக்கு இருபதாம் நூற்றாண்டின் மதிய உணவுத் திட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இராமானுசர் மரபுக் கதை

வைணவ குருபரம்பரை நூல்கள், இராமானுசர் திருமலைக்குச் செல்லும் வழியில் அஷ்டசகஸ்ரம் என்னும் ஊரில் தங்கியதாகக் கூறுகின்றன. அவ்வூரை எண்ணாயிரமாகக் கொள்வது மரபு. அங்கே அவருக்கு இரு சீடர்கள் இருந்தனர். ஒருவர் செல்வரான யக்ஞேசர், மற்றவர் வறியவரான வரதாசாரியர். குருவின் வருகையை அறிவிக்கச் சென்ற அடியார்களை, வரவேற்பு ஏற்பாட்டு ஆரவாரத்தில் யக்ஞேசர் கவனிக்கத் தவறினார். வழிநடந்து களைத்தவர்க்குத் தண்ணீரும் தரவில்லை. இதைக் கேட்ட இராமானுசர் செல்வரின் வீட்டைத் தவிர்த்து வறியவரின் வீட்டுக்குச் சென்றார் என்பது கதை.

இதனை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள முடியாது. ஆயினும் ஓர் உண்மையை இது உணர்த்துகிறது. வேதியர் ஊர் என்பது எல்லாரும் சமமாக வாழ்ந்த ஊர் அன்று. ஒரே மங்கலத்துக்குள் நிலம் மிகுந்தவரும் இருந்தனர், உடுக்கத் துணியின்றி வாடியவரும் இருந்தனர் என்பதைக் கதை சொன்னவர்கள் இயல்பான செய்தியாகவே எடுத்துக்கொண்டனர். உத்திரமேரூர்க் குடவோலை முறையிலும், வாரியத்தில் இடம்பெற விரும்புவோர்க்குக் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும் என்றொரு விதி இருந்ததை இங்கே நினைவுகூரலாம்.

இசுரவேலரின் குருமார் ஊர்கள்

ஓதுவோர்க்கென்று ஊர் ஒதுக்கும் வழக்கம் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. பண்டைய இசுரவேலரிடையே லேவி கோத்திரத்தார் வழிபாட்டுப் பணிக்கு உரியவர்கள். மற்றக் கோத்திரங்களுக்குக் கிடைத்தது போன்ற நிலப்பரப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதற்கு ஈடாக 48 ஊர்களும் அவற்றைச் சூழ்ந்த மேய்ச்சல் நிலங்களும் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டதாக விவிலியத்தின் யோசுவா நூல் பட்டியலிடுகிறது. அவற்றுள் 13 ஊர்கள் ஆரோன் வழிவந்த ஆசாரியர்க்கு உரியவை. சோழநாட்டில் ஓதுவோரை வயலோடு பிணைத்தனர், அங்கே மேய்ச்சல் நிலத்தோடு பிணைத்தனர். நாட்டின் பொருளியல் எதுவோ அதுவே குருமாரின் வாழ்வுக்கும் அடிப்படையாயிற்று.

அந்த 13 ஊர்களுள் ஒன்று ஆனதோத். எருசலேமுக்கு வடகிழக்கே உள்ள இன்றைய அனாத்தா சிற்றூர் அதன் பெயரைத் தாங்கி நிற்கிறது. சாலொமோன் அரசன் அபியத்தார் என்னும் ஆசாரியரைப் பதவி நீக்கி இவ்வூருக்கே அனுப்பினான். எரேமியா தீர்க்கதரிசி பிறந்த ஊரும் இதுவே. பகைவர் எருசலேமை முற்றுகையிட்டிருந்த காலத்தில் எரேமியா 17 சேக்கல் வெள்ளி கொடுத்து ஆனதோத்தில் ஒரு நிலத்தை வாங்கினார். அந்தக் கிரயப் பத்திரம் நெடுநாள் அழியாதிருக்க, அதை ஒரு மண்பாண்டத்தில் இட்டு வைக்கச் செய்தார் என்று அவர் பெயரால் அமைந்த நூல் கூறுகிறது.

தமிழ்நாட்டில் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி எண்ணாயிரத்தின் அருகிலேயே உண்டு. 1987-இல் பக்கத்து ஊரான எசாலத்தில் கோயில் திருப்பணியின்போது மண்ணுக்கடியிலிருந்து செப்புத் திருமேனிகளும், முதலாம் இராசேந்திரனின் செப்பேடுகளும் வெளிப்பட்டன. அரசனின் குருவான சர்வசிவ பண்டிதர் எடுத்த கோயிலுக்கு அளித்த கொடையை அவை கூறுகின்றன. பத்திரத்தை மண்ணில் மறைத்தவரின் நம்பிக்கை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்குப் பின் நிறைவேறியது.

இரு நாட்டு ஆய்வுக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இசுரவேலில் நூல் முன்னே இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மண்ணில் ஊரைத் தேடுகின்றனர். பெத்சிமேசு போன்ற ஆசாரியர் ஊர்கள் அகழப்பட்டு வீடுகளும் மட்கலங்களும் கிடைத்துள்ளன. ஆனால் ஒரு வீட்டின் சுவரைப் பார்த்து அதில் வாழ்ந்தவர் ஆசாரியரா உழவரா என்று சொல்வது எளிதன்று. லேவியர் ஊர்ப் பட்டியலில் உள்ள கேசேரில் மட்டும், ‘கேசேரின் எல்லை’ என்று பாறையில் வெட்டிய பிற்கால எழுத்துகள் 1870-களிலிருந்து கண்டறியப்பட்டு, ஊரின் இடத்தை உறுதிப்படுத்த உதவின. எண்ணாயிரத்தில் நிலை இதற்கு மாறானது. ஊரைப் பற்றிய நூல் இல்லை. கல் மட்டும் இருக்கிறது. அந்தக் கல் ஊரின் பெயரையும் நிலத்தையும் மாணவர் தொகையையும் தானே சொல்கிறது.

மறைவும் இன்றைய நிலையும்

சோழர் ஆட்சி 1279-ஆம் ஆண்டளவில் முடிவுற்றது. அதன் பின் இப்பகுதி பல அரசுகளின் கைக்கு மாறியது. அருகிலுள்ள செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்ற விசயநகரத்து நாயக்கர், பீசப்பூர்ப் படை, மராட்டியர், முகலாயர், பிரெஞ்சியர், ஆங்கிலேயர் என வரிசையாக மோதினர். நில உரிமையும் வரி முறையும் மாறிய நாட்டில், 45 வேலியின் நெல்லை நம்பி நின்ற கல்லூரி நிலைத்திருக்க வழியில்லை. கொடை கொடுத்ததைக் கல்லில் வெட்டினர். கொடை நின்றுபோனதை யாரும் வெட்டுவதில்லை. ஆகவே அதன் முடிவுக்குக் கல்வெட்டு இல்லை.

இன்று எண்ணாயிரம் உழவர் வாழும் ஒரு சிற்றூர். தனியூராக இருந்து பிற ஊர்களைத் தனக்குள் அடக்கிய இடம், இன்று பேருந்துப் பலகையில் ஒரு சிறு பெயர். நரசிம்மப் பெருமாள் கோயில் மட்டும் அந்தப் பழம்பெருமைக்குச் சாட்சியாக நிற்கிறது.

1917-இல் சில அலுவலர்கள் காகிதமும் மையும் கொண்டு அச்சுவரைப் படியெடுத்திராவிட்டால், 340 மாணவரும் 14 ஆசிரியரும் இன்று நமக்குத் தெரிந்திருக்க மாட்டார்கள். திருப்பணி என்ற பெயரில் கல்வெட்டின் மேல் சுண்ணாம்பும் வண்ணமும் பூசுவது, மணலைப் பீய்ச்சிச் சுவரைத் துலக்குவது, பழைய கற்களைப் பிரித்து இடம் மாற்றி அடுக்குவது ஆகியவற்றால் தமிழ்நாட்டில் பல கோயில்களின் எழுத்துகள் தேய்ந்தும் வரிசை குலைந்தும் போயின. இத்தகைய ஊர்களில் உள்ள பள்ளிகள் தம் மாணவர்களைக் கோயில் சுவருக்கு அழைத்துச் சென்று, அதில் உள்ள கலத்தையும் குறுணியையும் வேலியையும் கணக்கிடச் சொல்லலாம். அன்று அந்தச் சுவருக்கு உள்ளே இடம்பெறாத குடும்பங்களின் பிள்ளைகளே இன்று அவ்வெழுத்தைப் படிக்கும் உரிமை உடையவர்கள். அவர்கள் படித்துப் பொருள் அறிந்த சுவரின் மேல் எளிதில் யாரும் சுண்ணாம்பு பூசிவிட முடியாது.